கட்டிப்போட்ட நாய் யாருக்குக் காவல்?

நாய் இருக்கிற வீட்டுப் பக்கம் சிறுத்தை வராது. கூடலூர், கோத்தகிரி, வால்பாறை என்று மலைப்பக்கம் எங்கே போனாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். மறுத்துப் பேசினால் அடுத்த வாதத்தைத் தயாராக வைத்திருப்பார்: சரி, வந்தாலும் நாய் முன்னாலேயே சொல்லிவிடும், அதற்கு மோப்பம் இருக்கிறது, நமக்கு இல்லை. டீக்கடைப் பேச்சுதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ரிசார்ட் நடத்துகிறவர்கள், எஸ்டேட் பங்களாவில் இருப்பவர்கள், காட்டோரம் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாரும் இதே நம்பிக்கையில்தான் வாசலில் நாயைச் சங்கிலியால் கட்டிவைக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளிகளும் அப்படித்தான். படித்தவர், படிக்காதவர் இருவரும் வேற்றுமை பார்க்காமல் பகிர்ந்துகொள்ளும் மிகச் சில நம்பிக்கைகளில் இது ஒன்று.

இதற்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. நாய் சிறுத்தையை விரட்டும் என்பது ஒன்று. நாய் நம்மை எச்சரிக்கும் என்பது மற்றொன்று. முதல் கூற்று பொய். இரண்டாவது அரைகுறை உண்மை. அரைகுறை உண்மை என்பதால்தான் அது முதலாவதைவிட அதிகத் தீங்கு செய்கிறது.

முதலில் சிறுத்தையின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நம் விவாதங்களில் யாரும் விசாரிக்காத தரப்பு அது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சிறுத்தை விரும்பித் தேடும் இரையின் எடை 10 முதல் 40 கிலோ வரை என்றும், அதிலும் 25 கிலோவை ஒட்டிய விலங்குகளே அதற்கு மிகவும் தோதானவை என்றும் காட்டியது. நம் தெருவில் திரியும் நாட்டு நாயும், வரவேற்பறையில் படுத்திருக்கும் லாப்ரடாரும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. நாய்க்குக் கொம்பு கிடையாது. காட்டுப்பன்றியின் கோரைப்பல் கிடையாது. பல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பதுங்கி வந்து, ஓரிரு பாய்ச்சலில் குரல்வளையைக் கவ்விவிடும் வேட்டையாடியிடம் பல்லைக் காட்ட நேரம் எங்கே? சிறுத்தையின் கண்ணுக்குக் கேளையாடு என்னும் சிறு மானும் நாயும் ஒரே கணக்கில்தான் வருகின்றன. ஒரு வித்தியாசம் உண்டு, நாயைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பது சிறுத்தைக்குத் தெரியும்.

வனத்துறை சிறுத்தையைப் பிடிக்கக் கூண்டு வைக்கும்போது உள்ளே எதைக் கட்டுகிறது? பெரும்பாலும் ஆட்டை. பல இடங்களில் நாயை. நாய் வாடைக்குச் சிறுத்தை ஒதுங்கிப்போகும் என்பது உண்மையானால் அந்தக் கூண்டுகள் காலியாகவே கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. கூண்டில் நாயை வைத்தால் இரை, வாசலில் கட்டினால் காவல் என்று நாம் பிரித்துச் சொல்லிக்கொள்கிறோம். சிறுத்தைக்கு இந்தப் பாகுபாடு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் மாவட்டத்து (இப்போது அகில்யாநகர்) அகோலே வட்டாரத்தில் வன உயிரியலாளர் வித்யா ஆத்ரேயாவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வை இந்த விவாதத்தில் இறங்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பெரிய காடு கிடையாது. கரும்பும் சோளமும் காய்கறியும் விளைகிற, மக்கள் நெருங்கி வாழ்கிற பூமி. அந்த நிலத்தில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 சிறுத்தைகள் வாழ்கின்றன என்பதை அவர்கள் 2013-இல் தானியங்கிக் கேமராக்கள் வழியே நிறுவினார்கள். அவை எதைத் தின்று வாழ்கின்றன என்ற கேள்விக்கு, சிறுத்தையின் எச்சத்தைச் சேகரித்து அதிலிருக்கும் மயிரை ஆராய்ந்து, 2014-இல் விடை சொன்னார்கள். உண்ட இரையின் எடையில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள். அதில் முதலிடம் ஆட்டுக்கா? இல்லை. நாய்க்கு, 39 விழுக்காடு. ஆடு வெறும் 11 விழுக்காடு. இத்தனைக்கும் அந்த வட்டாரத்தில் ஆடுகளின் எண்ணிக்கை நாய்களைப்போல ஏழு மடங்கு.

ஏழு மடங்கு அதிகமாக இருக்கிற, கடிக்கத் தெரியாத ஆடு தப்பித்துக்கொள்கிறது. மோப்பமும் பல்லும் குரலும் உள்ள நாய் செத்துப்போகிறது. காரணத்தை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். ராத்திரியில் ஆட்டைப் பட்டியில் அடைக்கிறார்கள், சில வீடுகளில் உள்ளேயே கட்டிக்கொள்கிறார்கள். நாய் வெளியே கிடக்கிறது. ஆட்டைக் காப்பாற்றியது நாய் அல்ல, கதவு.

இதைச் சொன்னதும், எங்கள் பக்கம் அப்படி இல்லை, எங்கள் சிறுத்தை காட்டு விலங்கைத்தான் தின்கிறது என்பார்கள் வால்பாறைக்காரர்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கும் அவற்றின் நடுவே எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் இடையே வாழும் ஆனைமலைச் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, இரையில் மிகப் பெரும் பங்கு காட்டு விலங்குகளாகவே இருந்தது. ஆனால் இது நாயின் வீரத்துக்குச் சான்றாகாது. கேளையாடும் கடமானும் முள்ளம்பன்றியும் அங்கே இன்னும் கிடைக்கின்றன என்பதற்குத்தான் சான்று. நாய்கள் மலிந்த இடத்தில் கணக்கு எப்படி மாறும் என்பதை மும்பையில் பார்க்கலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவையும் அதன் ஓரங்களையும் சுற்றி வாழும் ஏறக்குறைய 35 சிறுத்தைகள் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்னக்கூடும் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதனால் நாய்க்கடியும் வெறிநோய் அபாயமும் குறைகின்றன என்பதுதான் அந்த ஆய்வாளர்கள் சொல்லவந்த விஷயம். அதை ஏற்பதும் மறுப்பதும் வேறு வழக்கு. பூங்காவைச் சுற்றிலும் கூட்டங்கூட்டமாக நாய்கள் இருந்தும் சிறுத்தைகள் நகரத்தைவிட்டு ஓடிவிடவில்லை என்பது மட்டும் இங்கே போதும். எங்கே நாய்கள் மலிந்திருக்கின்றனவோ அங்கே சிறுத்தை வந்து போகிறது. இறைச்சிக்கடைக் கழிவும் ஹோட்டல் எச்சிலும் நாயை வளர்க்கின்றன, நாய் சிறுத்தையை வரவழைக்கிறது.

இனி இரண்டாவது கூற்று. இங்கேதான் எதிர்த்தரப்புக்குப் பலம் இருக்கிறது. நாய் வேட்டை விலங்கை உணராது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே உணரும். நார்வேயில் வீட்டு நாய்களைக்கொண்டு செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. பழுப்புக் கரடி, லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை ஆகியவற்றின் வாடையை உணவுக் கிண்ணத்தருகே வைத்து, ஒப்பிட்டுப் பார்க்க பீவர் என்னும் தாவரந்தின்னியின் வாடையையும் வெறும் தண்ணீரையும் வைத்துப் பார்த்தார்கள். வேட்டை விலங்கின் வாடை இருந்த கிண்ணத்தின் அருகே நாய்கள் குறைந்த நேரமே நின்றன. வீட்டில் வளர்ந்த நாய்க்குக்கூடப் பழைய அச்சம் ரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

ஆனால் அந்த நாய்கள் என்ன செய்தன என்று கவனியுங்கள். விலகிப்போயின. உள்ளுணர்வு என்று நாம் கொண்டாடுகிற விஷயம் நாயிடம் சொல்வது, உன்னைக் காப்பாற்றிக்கொள் என்பதை. எசமானை எழுப்பு என்பதை அல்ல. சிறுத்தை மிக அருகில் இருக்கும்போது குரைப்பதென்றால், நான் இங்கே இருக்கிறேன் என்று அதற்கு அறிவிப்பது. அதனால்தான் பல நாய்கள் அந்த நேரத்தில் காதை ஒட்டிவைத்து, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கி, சத்தமில்லாமல் கட்டிலடியில் புகுந்துகொள்கின்றன. சிறுநீர் கழிக்கவும் வெளியே போக மறுக்கின்றன. மலையில் நாய் வளர்ப்பவர்கள் பலருக்கு இது தெரியும். தெரிந்தும், சத்தம் இல்லையே, அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறார்கள்.

குரங்கு கத்துகிறதே, மான் கத்துகிறதே, நாய் மட்டும் ஏன் மௌனமாகும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட், காட்டில் சிறுத்தையும் புலியும் நடமாடும் திசையை இந்தக் கத்தல்களை வைத்தே அறிந்துகொண்டார். ஆனால் குரங்கு மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கத்துகிறது. கேளையாடும் கடமானும் தரையில் நிற்பவைதான், ஆனால் எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட பிறகு, ஓட வழி இருக்கும்போது கத்துகின்றன. உன்னைப் பார்த்துவிட்டேன், இனி உன் பதுங்கல் பலிக்காது என்று அது சிறுத்தைக்கே போகும் சேதி. உயரமோ தூரமோ ஓட்டமோ, இவற்றில் ஏதாவது ஒன்று கையில் இருப்பவன் கத்தலாம். ஆறடிச் சங்கிலியில் கட்டிய நாய்க்கு இந்த மூன்றில் எது இருக்கிறது?

மோப்பத்தைப் பற்றிய பெருமிதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. நாயின் மூக்கு எவ்வளவு கூர்மையானாலும் காற்று கொண்டுவந்து கொடுப்பதைத்தான் அதனால் முகர முடியும். மலைச் சரிவில் வெயில் இறங்கியதும் தரை குளிர்ந்து, கனத்த குளிர்காற்று மேலிருந்து கீழே வழியத் தொடங்கும். வீடு மேட்டில், தேயிலைப் புதரும் ஓடையும் பள்ளத்தில். பெரும்பாலான மலை வீடுகளின் அமைப்பு இதுதான். பள்ளத்திலிருந்து ஏறிவரும் சிறுத்தைக்கு வீட்டின் வாடை, நாயின் வாடை, கோழியின் வாடை எல்லாம் போய்ச் சேரும். அதன் வாடை நாயிடம் வராது. சிறுத்தை திட்டமிட்டு இப்படி வருகிறது என்று கதை கட்ட வேண்டாம். நாம் வீட்டை அப்படிக் கட்டிவைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

குரைக்கும் நாயிடமும் சிக்கல் இருக்கிறது. காட்டோர வீட்டு நாய் எதற்கெல்லாம் குரைக்கிறது என்று ஓர் இரவு விழித்திருந்து கேளுங்கள். காட்டெருமை வேலியோரம் மேய்ந்தால் குரைக்கும். காட்டுப்பன்றி கிழங்கு தோண்டினால் குரைக்கும். மரநாய் கூரையில் நடந்தால், கரடி பலா வாசனைக்கு வந்தால், பக்கத்து எஸ்டேட் நாய் குரைத்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் குரைக்கும். பக்கத்து வீட்டுக் கார் அலாரம் அலறினால் யார் எழுந்துபோய்ப் பார்க்கிறார்கள்? எங்கள் நாயின் குரைப்பில் எங்களுக்கு வித்தியாசம் தெரியும், சிறுத்தைக்கு அது குரைக்கும் விதமே வேறு என்பவர்கள் உண்டு. ஹங்கேரியில் பீட்டர் பொங்ராட்ஸும் அவருடைய குழுவினரும் முடி என்ற மேய்ச்சல் நாயினத்தின் குரைப்பைப் பதிவுசெய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, அந்நியரைக் கண்ட குரைப்பு, தனிமைக் குரைப்பு, விளையாட்டுக் குரைப்பு என்று மக்களால் ஓரளவு பிரித்துச் சொல்ல முடிந்தது. ஓரளவு என்பதில் அழுத்தம். குருட்டு ஊகத்தைவிட மேல் என்பதுதான் அந்த முடிவு. பிழையே இல்லை என்பதல்ல. தூக்கக் கலக்கத்தில், மழைச் சத்தத்துக்கு நடுவே, குழந்தையின் உயிரை அந்த ஓரளவை நம்பி ஒப்படைக்க முடியுமா?

அனுபவத்தைப் பேசுகிறவர்களை மதிக்கிறேன். எங்கள் நாய் குரைத்தது, சிறுத்தை திரும்பிப் போனது, கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அது நடந்திருக்கத்தான் வேண்டும். ஜெய்ப்பூரின் ஜாலானா காட்டில் தூங்கிக்கொண்டிருந்த நாயொன்று விழித்து, எதிரே நின்ற சிறுத்தையைப் பார்த்து விடாமல் குரைக்க, சிறுத்தை தயங்கிப் பின்வாங்கியதைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். சிறுத்தை தனியாக வாழ்ந்து தனியாக வேட்டையாடும் பிராணி. கால் ஒன்று முறிந்தாலும் பட்டினிதான். அதனால் மறைவு கலைந்துவிட்டால் பெரும்பாலும் வேட்டையைக் கைவிட்டுவிடும். நாலைந்து தெருநாய்கள் பகலில் சேர்ந்து துரத்தினால் மரமேறவும் செய்யும். இதையெல்லாம் மறுக்க ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தக் கதைகள் நம்மிடம் எப்படி வந்து சேர்கின்றன? குரைத்துப் பிழைத்த நாயின் வீட்டுக்காரர் அடுத்த நாள் பத்துப் பேரிடம் சொல்கிறார். குரைக்காமல் போன நாயின் வீட்டில் காலையில் அறுந்த கழுத்துப்பட்டையும் இழுத்துப்போன தடமும்தான் இருக்கும். அங்கே சொல்ல ஒரு கதையே இல்லை. போயிடுச்சு என்று ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது, அடுத்த மாதம் புதுக் குட்டி வருகிறது. சிசிடிவி வந்த பிறகுதான் இந்த இரண்டாவது வகை நம் கண்ணில் படத் தொடங்கியது. தாழ்வாரத்தில் சுருண்டு படுத்திருக்கும் நாயைச் சிறுத்தை வந்து தூக்கிப்போகும் பதிவுகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் நாய்க்குத் தலை தூக்கவே அவகாசம் கிடைப்பதில்லை.

கார்பெட்டைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவருடைய நாய் ராபினை விட்டுவிட மாட்டார்கள். காயம்பட்ட சிறுத்தைகளை மோப்பம் பிடித்துத் தேட அவருக்குத் துணைபோன அந்தச் சிறிய ஸ்பானியலைப் பற்றி அவர் உருகி எழுதியிருக்கிறார். அதே பக்கங்களில், சிறுத்தை பாய்ந்து வந்தபோது ராபின் ஓடிப்போனதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காக அவர் நாயைக் குறை சொல்லவில்லை. நாய்க்கு எது இயல்பு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு மனிதன் நின்றதால்தான் ராபினால் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. நம் வீட்டு நாய் ராத்திரி இரண்டு மணிக்கு யாருடைய துணையில் நிற்கிறது?

அப்படியென்றால் மந்தை காக்கும் நாய்கள் பொய்யா? எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இது, இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இமாச்சலத்தின் கத்தி (Gaddi) இன இடையர்கள் பெரிய நாய்களோடு மலையேறுகிறார்கள். துருக்கியின் கங்கல் இன நாய்கள் ஓநாயிடமிருந்து ஆடுகளைக் காக்கின்றன. அதே வகை நாய்களை நமீபியாவில் லோரி மார்க்கரின் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994-இலிருந்து விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. இழப்பு வெகுவாகக் குறைந்தது என்று நாய் பெற்ற விவசாயிகளில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இந்த நாய்கள் எப்படி உருவாகின்றன என்று கேட்பவர் குறைவு. அமெரிக்காவில் ஹாம்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து சொன்னது இது: குட்டியாக இருக்கும் முதல் சில வாரங்களிலேயே நாயை ஆட்டு மந்தைக்குள் விட்டு வளர்க்க வேண்டும், ஆடுகளே அதன் உறவு என்றாக வேண்டும். வளர்ந்த பிறகு எந்தப் பயிற்சியாலும் அந்த ஒட்டுதலை ஊட்ட முடியாது. அப்படி வளர்ந்த நாயும் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை. குறுக்கே வந்து நின்று, குரைத்து, வேட்டையின் போக்கைக் கலைத்துவிடுகிறது. அதற்கு அது கட்டில்லாமல் திரிய வேண்டும், பெரிய உடம்பு வேண்டும், கூட்டு வேண்டும், பக்கத்தில் இடையர் வேண்டும். இவ்வளவும் இருந்தும் இமயமலை இடையர்கள் தங்கள் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுகிறார்கள். சிறுத்தை எங்கே கடிக்கும் என்பதும், பல்லும் குரைப்பும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நாம் கடையில் வாங்கிய நைலான் பட்டையில் மணி கட்டித் தொங்கவிடுகிறோம்.

ராஜபாளையம் நாய் புலியையே எதிர்க்கும் என்பது நம் ஊர்ப் பெருமை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நல்ல நாய்கள், 2020-இல் தேசிய அளவில் பதிவுபெற்ற இனங்கள். பன்றி வேட்டைக்கும் முயல் வேட்டைக்கும் பழக்கப்பட்ட மரபு அவற்றுக்கு உண்டு. மனிதனோடு கூட்டாகப் பகலில் வேட்டையாடிய திறமையை, இருட்டில் தனியாகக் கட்டுண்டு கிடக்கும்போதும் அந்த நாய் காட்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

நாயின் காவலை நாம் ஏன் இவ்வளவு நம்புகிறோம் என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரைக்காக நடந்த தொறுப்பூசலில் விழுந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, பெயரோடு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. கர்நாடகத்தின் ஆதகூரில் பத்தாம் நூற்றாண்டில் கல் ஒன்று, காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டை நாயின் நினைவாக எடுக்கப்பட்டது. எனக்கு இந்த இரண்டு கற்களின் மேலும் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவை எதைச் சொல்கின்றன? நாய் மனிதனை எதிர்த்தது, பன்றியை எதிர்த்தது. கள்ளன் நாயைத் தின்ன வருவதில்லை. அவன் அகப்பட்டுக்கொள்ளக் கூடாதென்று வருகிறவன், குரைப்பே அவனுக்குத் தோல்வி. கள்ளனிடம் பலித்த காவலை அப்படியே சிறுத்தைக்கும் பொருத்திவிட்டதுதான் நம் பிழை.

நாய் காக்காமல் போவது ஒருபுறம் இருக்க, சிறுத்தையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. 2023 நவம்பரில், தீபாவளி நேரத்தில், குன்னூர் புரூக்லண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்திக்கொண்டு வந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மீட்கப்போன தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் காயமடைந்தார்கள். துரத்தப்படும் நாய் ஓடுவது தனக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடத்துக்கு, அதாவது நம்மிடம். கரடி வாழும் நாட்டிலும் இதே கதைதான். 2010 முதல் 2013 வரை வட அமெரிக்காவில் கருங்கரடி மனிதரைத் தாக்கிய 92 நிகழ்வுகளை ஹாங்க் ஹிரிஸ்டியென்கோவும் ஸ்டீபன் ஹெரேரோவும் ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் நாய் சம்பந்தப்பட்டிருந்தது. அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு எசமானின் காலடிக்கு ஓடிவரும், கரடி பின்னாலேயே வரும்.

2021 பிப்ரவரியில் தட்சிண கன்னட மாவட்டம் பிளிநெலே கிராமத்தில் நடந்ததை வாட்ஸாப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாயைத் துரத்திய சிறுத்தை, அதோடு சேர்ந்து ஒரு கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரர்கள் வெளியே தாழிட்டுவிட்டார்கள். பல மணி நேரம் இரண்டும் ஆளுக்கொரு மூலையில் இருந்தன. கடைசியில் சிறுத்தை தப்பியோடியது, நாய் உயிரோடு வந்தது. உடனே தத்துவம் பொழிந்தார்கள்: சுதந்திரம் போனால் பசியும் போகும், மிருகத்துக்கும் தர்மம் உண்டு, இன்ன பிற. தர்மமாவது ஒன்றாவது. அடைபட்ட சிறுத்தைக்குத் தப்பிப்பதுதான் அப்போதைய கவலை. எனக்கு அந்தப் படத்தில் முக்கியமாகப் பட்டது நாய். அது பாயவில்லை, மூலையில் ஒடுங்கி அசையாமல் இருந்தது. பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காவல் நாய் என்ற நம் கற்பனைக்கு அந்த ஒடுங்கல் பொருந்தவில்லை. அதனால் நாயைப் பற்றி யாருமே பேசவில்லை.

நாயைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நாய் சட்டென்று உள்ளே வந்து ஒடுங்கினால், வாசலைத் தாண்ட மறுத்தால், அதை நம்புங்கள். வெளியே தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். ஆனால் அது சும்மா படுத்திருப்பதைப் பார்த்து, வெளியே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அச்சத்தில் மௌனமாகும் நாயும் தூங்கிக்கொண்டிருக்கும் நாயும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பவருக்கு ஒன்றுதான்.

இந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பங்களாக்காரருக்குச் சுற்றுச்சுவரும் மின்விளக்கும் உண்டு, நாய் போனால் வருத்தத்தோடு முடிந்துவிடும். லைன் வீடுகளில் கழிப்பறை வெளியே, தண்ணீர்க் குழாய் வெளியே, புதர் வாசல்வரை. 2024-இலும் 2025-இலும் வால்பாறைத் தோட்டக் குடியிருப்புகளில் சிறுத்தை குழந்தைகளைக் கொன்றது. அந்த முற்றங்களுக்கு வேண்டியது வெளிச்சமும், வெட்டிய புதரும், வீட்டோடு ஒட்டிய கழிப்பறையும், மாலையானால் குழந்தையோடு ஒரு பெரியவரும். நாலு நாய் இருக்கே, போதாதா என்ற பதில் இத்தனையையும் தள்ளிப்போட நிர்வாகங்களுக்குக் கிடைத்த மலிவான சாக்கு. நாய்க்குச் சம்பளம் கிடையாது, செத்தால் இழப்பீடு கேட்கவும் ஆளில்லை.

ஆகவே மலைப்பக்கம் நாய் வளர்க்கிறவர்களுக்கு: பொழுது சாய்வதற்குள் சங்கிலியை அவிழ்த்து நாயை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். உள்ளே இடமில்லையென்றால் நாலு பக்கமும் மேலேயும் அடைத்த, தாழ்ப்பாள் போட்ட கூடு கட்டுங்கள். கம்பிவலை மட்டும் போதாது, பலகையோ சுவரோ வேண்டும். மிச்சச் சோற்றையும் மீன்தலையையும் வாசலில் கொட்டாதீர்கள். இவ்வளவும் செய்ய முடியாதென்றால் நாய் வளர்க்காதீர்கள்.